மலையகத்துப் பழைய கார்களும் மாற்றுத் தகடுகளும்

பழைய கார் ஒன்றைத் திருத்தி அதன் முந்தைய நிலைக்குக் கொண்டுவரும்போது, அதன் சொந்தப் பொடித் தகட்டுக்குப் பதிலாக இன்னொரு காரிலிருந்து கழற்றிப் பூட்டக்கூடிய மட்கார்ட், கதவு, பொனெட், டிக்கி மூடி போன்றவை மாற்றுத் தகடுகள் எனப்படும். அந்த இன்னொரு கார் அதே ரகத்தின் வேறோர் ஆண்டு வண்டியாக இருக்கலாம். ஒரே அச்சில் அழுத்திய தகட்டை வேறு பெயரில் விற்ற மற்றொரு கம்பனியின் காராக இருக்கலாம். இந்தியாவில் உரிமம் பெற்றுப் பல ஆண்டுகள் தயாரிக்கப்பட்ட அதன் தம்பியாகவும் இருக்கலாம். எதிலிருந்து எடுத்தது எதில் உட்காரும் என்பது தனியொரு அறிவு. இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை போன்ற ஊர்களில், அந்த அறிவு புத்தகத்தில் இருந்ததைவிடத் தகட்டு வேலை செய்யும் டிங்கரிங் பாஸ்மாரின் கையில்தான் அதிகம் இருந்துவந்திருக்கிறது.

வண்டிகள் தங்கிய காரணம்

தேயிலைத் தோட்டங்கள் ஒவ்வொன்றும் நகரத்திலிருந்து பல மைல் தள்ளி, வளைந்து ஏறும் ஒற்றைப் பாதையின் முடிவில் இருந்தன. தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரைக்கும் அவருக்கு உதவிய சின்னத் துரைக்கும் வண்டி கட்டாயத் தேவை. அதனால் பிரித்தானிய ஆட்சிக் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பிந்திய முதற் பதினைந்து ஆண்டுகளிலும் மலைநாட்டில் பிரித்தானியக் கார்கள் நிறைந்தன. மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்டின் ஏ30, ஏ40, கேம்பிரிட்ஜ், ஹில்மன் மின்க்ஸ் ஆகியவற்றோடு, தோட்ட வேலைக்கென லாண்ட் ரோவரும் வந்தது. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. சித்திரைப் பருவத்தில் அந்த ஊருக்குக் கார்ப் பந்தயம் இன்றளவும் ஓர் அடையாளம்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970க்கும் 1977க்கும் இடையில் புதிய காரை மட்டுமன்றி உதிரிப்பாகத்தைப் பெறுவதும் பெரும்பாடாயிற்று. அதே ஆண்டுகளில், 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைக்காரத் துரைமார் ஊர் திரும்பினார்கள். பங்களாக் கொட்டகையில் நின்ற கார்கள் நகரத்துக் கடைக்காரர், வாடகைக் கார் ஓட்டுநர், தோட்ட உத்தியோகத்தர் ஆகியோரிடம் கைமாறின. புதிதாக ஒன்று வாங்க வழியில்லாததால் இருந்ததை ஓட்டியே ஆகவேண்டும். ஒரு வண்டியின் கதவை இன்னொரு வண்டிக்கு மாற்றும் பழக்கம் இந்த நெருக்கடியில் ஊன்றியது. 1977க்குப் பிறகு ஜப்பானிய வண்டிகள் வந்து குவிந்தும் பழைய வண்டிகள் முற்றாக ஒதுக்கப்படவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், ஓடும் நிலையிலிருந்த எந்தக் காருக்கும் தனி மதிப்பு வந்தது.

மலைநாட்டில் கடலோரத்து உப்புக் காற்று இல்லை. அதனால் துரு இல்லை என்று நம்பி வண்டி வாங்குவோர் ஏமாறுவார்கள். தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் பெய்யும் மேற்குச் சரிவில் தகட்டின் மடிப்புகள் உலரவே நேரமிருக்காது. காலை மூடுபனி வண்டியின் உட்புறத்திலும் நீராகப் படியும். உரமூட்டை ஏற்றிய தோட்ட வண்டியென்றால் நிலைமை இன்னும் மோசம். சிந்திய அமோனியம் சல்பேற் ஈரத்தோடு சேர்ந்து தளத்தகட்டை அடியிலிருந்து அரிக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும். கீழே கை வைத்தால் தகடு உதிரும்.

பூட்டுத் தகடும் ஒட்டுத் தகடும்

பொருத்தம் பற்றிய முதற் கேள்வி, தகடு போல்ட்டால் பூட்டப்பட்டதா, வெல்டிங்கால் ஒட்டப்பட்டதா என்பதே. மட்கார்டும் பொனெட்டும் கதவும் கழற்றிப் பூட்டக்கூடியவையாக இருக்கும் காரில், ஒரு ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் மாற்றுத் தகட்டை வைத்துப் பார்க்கலாம். சரிவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். ஒட்டுத் தகட்டில் அந்த வசதி கிடையாது. வெட்டி எடுத்தபின் பிழை தெரிந்தால் இரண்டு வண்டியும் கெட்டது. மலையகத்தில் இன்றும் ஓடும் பழைய வண்டிகளில் மொரிஸ் மைனர், வொக்ஸ்வாகன் பீட்டில், லாண்ட் ரோவர் ஆகிய மூன்றும் முன்னிற்பதற்கு இதுவே முதற் காரணம். மூன்றும் பூட்டுத் தகட்டு வண்டிகள்.

மொரிஸ் மைனர்

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. இருபத்து மூன்று ஆண்டுகளில் வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை. அதனால் “மைனர் மட்கார்ட் எல்லாம் ஒன்றுதான்” என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. அது தவறு. போல்ட் ஓட்டைகள் ஒத்துப்போவதால் பூட்டிவிடலாம். ஆனால் விளக்குகள் காட்டிக்கொடுத்துவிடும்.

தொடக்க கால எம்எம் மொடலில் முன்விளக்கு கிரில்லின் இருபுறமும் தாழ்வாக இருந்தது. மட்கார்டில் விளக்குக்கு இடமே இல்லை. அமெரிக்கச் சட்டத்துக்காக 1949இல் ஏற்றுமதி வண்டிகளிலும், பிறகு எல்லா வண்டிகளிலும் முன்விளக்கு மட்கார்டின் உச்சிக்கு ஏறியது. அப்போதும் சிறு விளக்குகள் கிரில் தகட்டில்தான் இருந்தன. 1954 ஒக்டோபரில் கிரில் படுக்கைக் கம்பிகள் கொண்டதாக மாறியபோது அவை மட்கார்டுக்கு வந்தன. 1963இல் சிறு விளக்கும் சிக்னல் விளக்கும் ஒரே பெரிய கூட்டில் அடங்கி, மட்கார்டின் துளையும் மாறியது. ஆகவே முன் மட்கார்டில் நான்கு தலைமுறைகள் உண்டு. 1965ஆம் ஆண்டு வண்டிக்கு 1958ஆம் ஆண்டு மட்கார்டைப் பூட்டுவோர் பெரிய விளக்குக்காகத் துளையை வெட்டி அகலமாக்குவார்கள். அப்படி வெட்டாமல் 1958 வண்டி வைத்திருப்பவரிடம் அந்த மட்கார்டைக் கொடுத்து, தனக்கு உரியதைத் தேடுவதே முறை. நல்ல நிலையிலுள்ள பழைய மட்கார்ட் ஒவ்வொன்றும், அது எந்தத் தலைமுறையோ அந்தத் தலைமுறை வண்டிக்குச் சேரவேண்டியது.

பம்பரில் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. முன்மாதிரி வண்டி ஒடுங்கலாகத் தெரிகிறதென்று கடைசி நேரத்தில் இசிகோனிஸ் அதை நடுவே பிளந்து நான்கு அங்குலம் அகலமாக்கினார். பொனெட்டின் நடுவில் தலைப்பிலிருந்து கண்ணாடி வரை ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலம்தான். பம்பர்கள் அதற்குள் தயாராகிவிட்டதால் அவற்றையும் இரண்டாக வெட்டி, நடுவில் ஒரு துண்டு வைத்து இணைத்தார்கள். நடுவில் இணைப்புள்ள பம்பர் எங்காவது பழைய இரும்புக் கடையில் கண்ணில் பட்டால், யாரோ ஒட்டுப்போட்டது என்று எண்ணித் தள்ளிவிடக்கூடாது. அது முதற்கால மைனரின் அசல் பாகம்.

1956இல் மைனர் 1000 வந்தபோது, நடுவில் பிளந்திருந்த முன்கண்ணாடி ஒற்றை வளைவுக் கண்ணாடியாயிற்று, பின்கண்ணாடியும் பெரிதாயிற்று. கூரையும் கண்ணாடியைச் சுற்றிய தகடுகளும் இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகின்றன. இவற்றைக் கலக்க முடியாது. கதவு விடயத்தில் இரண்டு கதவு வண்டியின் முன்கதவு நீளமானது, நான்கு கதவு வண்டியினது குட்டையானது. இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்ற வழியில்லை. 1961 வரை திரும்பும் பக்கத்தைக் காட்ட, கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் சிறு கை இருந்தது. பின்னர் மின்னும் சிக்னல் விளக்கு வந்ததும் தூணின் அந்தப் பொந்து மறைந்தது. தூணில் பொந்து இருந்து உள்ளே கை இல்லாவிட்டால், அதைப் புட்டி வைத்து மூடிவிடாமல் உரிய கையைத் தேடிப் பொருத்துவது நல்லது.

வண்டியின் உண்மையான வகையை அறிய, என்ஜினுக்கும் இருக்கைக்கும் இடைப்பட்ட முன்சுவரில் உள்ள எண் தகட்டைப் பார்க்க வேண்டும். பிற்கால மைனர்களில் எம்ஏ2எஸ்5 என்று தொடங்கினால் இரண்டு கதவு, எம்ஏஎஸ்5 என்றால் நான்கு கதவு. இந்த முன்தொடரின் இறுதி எண் 3 என்றால் 948 சிசி காலம், 5 என்றால் 1098 சிசி காலம். வெளியிலுள்ள இலக்கத்தகட்டை நம்பி ஆண்டைக் கணிப்பது சிக்கலானது. ஆங்கில எழுத்துத் தொடர்கள் முடிந்து, 1950களின் பிற்பகுதியில் சிங்கள ஸ்ரீ எழுத்து இலக்கங்கள் வந்தன. இலக்கத்தகடு சொல்வது முதற் பதிவின் காலத்தை மட்டுமே. அதன்மேல் பூட்டியிருக்கும் மட்கார்ட் எந்த ஆண்டினது என்று அது சொல்லாது.

லாண்ட் ரோவர்

போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு இருந்ததால், 1948இல் வந்த லாண்ட் ரோவரின் பொடி பேர்மாபிரைட் எனப்பட்ட அலுமினியக் கலப்புத் தகட்டில் செய்யப்பட்டது. பெரும்பாலும் தட்டையான தகடுகள். நெளிந்தால் சுத்தியலும் மரக்கட்டையும் போதும். தோட்டப் பாதைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பொடி அமைந்ததில்லை என்றே சொல்லலாம்.

1958இல் வந்த இரண்டாம் தொடரில் பொடி அகலமாகி, பக்கத் தகட்டின் மேல்விளிம்பில் வளைவு வந்தது. முதல் தொடர் வண்டியின் கதவும் மட்கார்டும் அதோடு ஒத்துவராது. ஆனால் இரண்டாம் தொடர், 1961இன் இரண்டு ஏ, 1971இன் மூன்றாம் தொடர் ஆகிய மூன்றும் கதவு, பொனெட், பின்தட்டு ஆகியவற்றில் பெரிதும் ஒத்துப்போகும். 1968-69இல் முன்விளக்குகள் கிரில்லிலிருந்து மட்கார்டுக்கு நகர்ந்தன என்பதுதான் பெரிய வேறுபாடு. பிந்திய மட்கார்டை முந்திய வண்டிக்குப் பூட்டினால் கிரில் தகட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். வயர்களை நீட்ட வேண்டும். முன்விளிம்பு வளைந்த பொனெட்டும் சாதாரணப் பொனெட்டும் தாராளமாக இடம் மாறும். 88 அங்குலம், 109 அங்குலம் என்ற சக்கர இடைவெளி வேறுபாடு முன்பக்கத் தகடுகளைப் பாதிக்காது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பதால் வண்டி அழியாது என்று எண்ணுவது ஆபத்து. கதவின் உட்சட்டம், முன்சுவர், அடிச்சட்டம் எல்லாம் உருக்கு. அலுமினியமும் உருக்கும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெண்பொடியாகி அரிபடும். மாற்றுத் தகட்டைப் பூட்டுமுன் இரண்டு உலோகமும் சேரும் இடத்தில் பெயின்ட்டும் இடைப்பூச்சும் வைக்காவிட்டால், செய்த வேலை நிலைக்காது.

ஒரே உடல், பல பெயர்

1958-59இல் பிரிட்டிஷ் மோட்டர் கோப்பரேசன், இத்தாலியின் பினின்பரீனா வரைந்த ஒரே உடலை ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், வூல்ஸ்லி, ரைலி, எம்ஜி மக்னெட் என ஐந்து பெயரில் விற்றது. கூரையும் கதவுகளும் பொது. கிரில், பொனெட், பின்மட்கார்டின் வால்துடுப்பு ஆகியவற்றில்தான் பெயருக்குப் பெயர் வேறுபாடு. 1961இல் வந்த கேம்பிரிட்ஜ் ஏ60இல் வால்துடுப்பு சீவப்பட்டது. கேம்பிரிட்ஜுக்குக் கதவு தேடுபவர் ஒக்ஸ்போர்டையும் வூல்ஸ்லியையும் பார்க்கலாம். பொனெட் தேடுபவர் அப்படிப் பார்க்கக்கூடாது.

அதற்கு முந்திய மொரிஸ் ஒக்ஸ்போர்ட் மூன்றாம் தொடர் வைத்திருப்போருக்கு இந்தியா கைகொடுக்கிறது. அந்தக் காரின் உரிமத்தில் ஹிந்துஸ்தான் மோட்டர்ஸ் கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் அம்பாசிடரைத் தயாரிக்கத் தொடங்கி, 2014 மே வரை நிறுத்தவில்லை. முகப்பு பலமுறை மாறினாலும் நடு உடல் அப்படியே இருந்தது. ஆனால் ஒக்ஸ்போர்ட் இரண்டாம் தொடரின் வழுவழுப்பான பொனெட் மூன்றாம் தொடரின் வரிவரியான பொனெட்டிலிருந்து வேறு. பியட் 1100 வண்டிக்கும் இப்படியே பம்பாயில் வெளிவந்த பிரீமியர் பத்மினி துணை. ஆனால் முற்கால 1100இல் முன்கதவு பின்புறக் கீலில் திறந்தது; பிற்கால வண்டியின் கதவு அதற்கு உதவாது. சென்னை வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டைப் போலவே தனிச் சட்டத்தின்மேல் துண்டு துண்டாகப் பூட்டிய உடல் கொண்டது.

இந்தப் பல பெயர்க் கணக்கில் சேராத வொக்ஸ்வாகன் பீட்டிலில் நான்கு மட்கார்டும் போல்ட்டில்தான் நிற்கின்றன. 1967 ஓகஸ்டில் முன்விளக்குகள் சாய்விலிருந்து நிமிர்ந்தன, முன்மூடியும் குட்டையாயிற்று. 1970இல் வந்த 1302, பின்னர் வந்த 1303 ஆகியவற்றின் முன்மூடியும் முன்மட்கார்டும் மற்றவற்றுக்குப் பொருந்தா.

வாங்குமுன் சோதித்தல்

தகட்டுப் பாகங்களுக்குக் கொழும்பின் பஞ்சிகாவத்தை பழைய பெயர் பெற்றது. ஹட்டனிலிருந்து ஏ7 வீதியில் அவிசாவளை வழியாக இறங்கிப் போய் ஒரு மட்கார்டை வாங்கி வந்து, அது பொருந்தவில்லையென்றால் பயணமும் பணமும் வீண். எனவே போகும்போதே சொந்த வண்டியிலிருந்து எடுத்த அட்டை மாதிரி கையில் இருக்க வேண்டும். மட்கார்ட் உடலோடு சேரும் விளிம்பில் மெல்லிய அட்டையை வைத்து, போல்ட் ஓட்டைகளைப் பென்சிலால் குறித்து, விளிம்பின் வளைவை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். விளக்குத் துளையின் குறுக்களவையும் அதிலேயே எழுதிவைக்கலாம். கடையில் அந்த அட்டையைத் தகட்டின்மேல் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். கடைக்காரரின் உறுதிமொழியை விட அந்த அட்டைக்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது காந்தம். துணி சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டின்மேல் இழுத்துக்கொண்டே போனால், புட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் பிடி தளரும். லாண்ட் ரோவருக்கு இது உதவாது. விரல் முட்டியால் தட்டி ஒலியைக் கேட்க வேண்டும். நல்ல தகடு கணீரென்னும். புட்டி அடைத்த தகடு மந்தமாக ஒலிக்கும். மைனர் மட்கார்டில் விளக்குக் கூட்டின் பின்புறம்தான் சேறு தங்கும். அங்கே விரலை விட்டுத் தடவிப் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது.

வாங்கிய தகடு வண்டிக்கு வந்ததும் எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் தளர்வாகவே பூட்ட வேண்டும். ஒன்றை முழுமையாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், கடைசி ஓட்டை ஒருபோதும் நேரில் வராது. மட்கார்டுக்கும் உடலுக்கும் நடுவே வைக்கும் பீடிங் பட்டியைச் செருகி, பொனெட்டை மூடி, கதவைத் திறந்து மூடி, இடைவெளி மேலிருந்து கீழ்வரை சமமாக ஓடுகிறதா என்று பார்த்தபின்பே இறுக்க வேண்டும். இடைவெளி சரிவராதபோது குற்றம் புதிதாக வந்த தகட்டில் இருக்க வேண்டுமென்பதில்லை. கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அது அசைந்தால் கீலோ, கீல் நிற்கும் தூணோ போய்விட்டது. தூண் உக்கிய வண்டியில் எந்தக் கதவும் பொருந்தாது. பெயின்ட் அடித்தபின் இதைக் கண்டுபிடிப்பவர்கள் ஏராளம். அதனால் பெயின்ட்டுக்கு முன் ஒருமுறை முழு வண்டியையும் பூட்டிப் பார்த்துக் கழற்றுவதைத் தவிர்க்கக்கூடாது.

புதிதாகச் செய்தல்

தகடு எங்கும் கிடைக்காதபோது செய்யவேண்டியதுதான். மலையகக் கராஜ்களில் சுத்தியல், டொலிக் கட்டை, கேஸ் வெல்டிங் ஆகிய மூன்றையும் கொண்டு கீழ்ப்படித் தகடு, தளத்தகடு, மட்கார்டின் கீழ்ப்பகுதி ஆகியவற்றைக் கையால் வளைத்துச் செய்வது நெடுநாள் வழக்கம். முழு மட்கார்டையும் கையால் அடித்தெடுப்பவர்கள் மிகச் சிலர். என் கருத்தில், உக்கிய கீழ்ப்பகுதியை மட்டும் வெட்டிப் புதுத்தகடு வைத்து மேற்பகுதியைக் காப்பாற்றுவது, ஆண்டு தவறிய முழு மட்கார்டைப் பூட்டுவதைவிடச் சிறந்தது.

இலங்கையின் இந்தக் கைத்திறனை உலகம் ஒருமுறை தேடிவந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயார், நெடுங்காலம் உழைக்கக்கூடிய காரைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதே சிக்கனம் என்று வாதிட்டு 1982இல் நூல் எழுதியவர். 1990களின் தொடக்கத்தில் அவர் இலங்கைப் பங்காளியோடு சேர்ந்து டியூரபிள் கார் கம்பனியை இங்கே அமைத்தார். மைனருக்கான தகட்டுப் பாகங்கள் இலங்கையில் தயாராகி, அந்தக் கார் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியாயின.

பதிவும் ஆவணமும்

பூட்டுத் தகட்டை மாற்றுவது வண்டியின் அடையாளத்தை மாற்றுவதல்ல. ஆனால் சட்டக இலக்கம் பொறித்த பகுதியை வெட்டுவதோ வேறு வண்டியின் எண் தகட்டை எடுத்து ஒட்டுவதோ குற்றம். நிறம் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்படுவதால், மாற்றுத் தகடு வேறு நிறமாக வந்து முழு வண்டியையும் அந்த நிறத்துக்கு மாற்ற நினைத்தால், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

அமெரிக்காவில் எந்தக் காரின் பாகம் எந்தக் காருக்குப் பொருந்தும் என்ற ஹொலண்டர் அட்டவணை 1930களிலிருந்தே அச்சில் இருக்கிறது. மலையகத்துக் கராஜ்களின் அறிவை அப்படித் தொகுத்த தமிழ்க் கையேடு எதையும் நான் கண்டதில்லை. பழைய வண்டியைக் கழித்து இரும்புக்குப் போடுவோர், போடுமுன் எண் தகட்டைப் படமெடுத்து, எந்தத் தகடு எந்த வண்டிக்குப் போகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். ஊரிலுள்ள வயதான டிங்கரிங் பாஸிடம் போய் அவர் பொருத்திப் பார்த்தவற்றைக் கேட்டு அதே கொப்பியில் சேர்ப்பது, இப்போது பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய வேலை.